அறுப்பு முடிந்ததும் வருகிறேன்

கும்பகோணம்
8.9.1969

அன்புள்ள அக்காவுக்கு,

அமிர்தம் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் பிரித்துவிட்டீர்களென்றால் முழுவதையும் படித்துவிடுங்கள். மூன்று வருஷமாக நாம் இருவரும் எழுதிக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டுப் படியை நான் ஏறக்கூடாது என்றுதான் சொன்னீர்கள், தபால்காரர் ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. இப்படி எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் சீக்கிரம் ஓய்வு பெறுகிறார். வரிசைப்படி அடுத்தவள் நான். ஆனால் கணக்கு விதிகளில் துறைத் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். டிசம்பரில் மறுபடி வருகிறது. இதிலும் தவறினால் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்தியிடம் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தத் தேர்வைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். இந்த வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் ரசியா பேகம் எங்கள் பள்ளிக்கூடத் தையல் டீச்சர். "புத்தகத்தப் பாத்து எழுதியும் ஃபெயிலாகுற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன் டீச்சர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். என்ன செய்வது? கேள்வித்தாளைப் பார்த்ததும் கை தானாகப் புத்தகத்துக்குப் போகிறது. புரட்டுகிறேன். நேற்றுப் பார்த்த விதி இன்று எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. மணி அடிக்கும்போது பாதித் தாள் வெள்ளையாக இருக்கிறது.

நான் கான்வென்டில் சேர்ந்தபோது நீங்கள் கல்யாணமாகிப் போய்விட்டீர்கள். ஆனாலும் மதர் பெனடிக்டா உங்களைச் சொல்லித்தான் எங்களைத் திட்டுவார். "ஆனந்தவல்லி கடைசிக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீங்கள் எல்லாரும் மணி அடித்த பிறகும் எழுதுகிறீர்கள்" என்பார். அந்த வித்தையை எனக்கு எழுதி அனுப்புவீர்களா?

உங்கள் தங்கை,
அமிர்தம்


நல்லமங்கலம், திருவாரூர் வழி
15.9.1969

அமிர்தத்துக்கு,

உன் கடிதம் வந்தது. நான் கடிதங்களைக் கிழிப்பதில்லை. பெருக்குகிறவளுக்கு அது வீண் வேலை. நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நீ கேள்வியைப் படிப்பதில்லை. பார்க்கிறாய், உடனே பதிலைத் தேட ஓடுகிறாய். சிறு வயதிலும் அப்படித்தான், காணாமல்போன பொருள் என்னவென்று கேட்பதற்குள் பரண் மேல் ஏறியிருப்பாய். புத்தகத்தைக் காலடியில் வை. கேள்வியை இரண்டு தடவை படித்து, ஓரத்தில் உன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுது. யார் கேட்கிறார், எதற்காக, யார் அனுமதி கொடுக்க வேண்டும், இதில் கொடுத்திருப்பது எது, கேட்டிருப்பது எது. அந்த ஒரு வரி எழுத வந்துவிட்டால் பாதி பதில் வந்தாயிற்று. வரவில்லையென்றால் புத்தகமும் உதவாது.

பிறகு புத்தகம் இல்லாமலே பதிலை எழுது. விதியின் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு வை. எல்லாக் கேள்வியும் முடிந்தபின் ஒரே தடவை புத்தகத்தைத் திறந்து எண்களை நிரப்பு. பல தடவை திறப்பதால்தான் உனக்கு நேரம் போகிறது.

தெரிந்ததை முதலில் எழுது. தெரியாத கேள்வியோடு மல்லுக்கு நிற்காதே. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போ. மனசு அடங்கியபின் அதற்குத் திரும்பி வரலாம். கேள்வி எங்கேயும் ஓடிப்போகாது.

இது பரீட்சைக்கு மட்டும் சொன்னதில்லை. அத்தான் காலமான வருஷம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்தது. பங்காளிகள் பாகம் கேட்டார்கள், வாய்க்கால் மதகு உடைந்தது, நாற்று முழுகியது. உட்கார்ந்து அழுதிருந்தால் நெல்லும் போயிருக்கும். முடிந்ததை முதலில் செய்தேன். மதகைக் கட்டினேன், மறு நாற்று விட்டேன், பங்காளிகளுக்குப் பதில் சொன்னேன். அழுகையை நடவு முடிந்தபின் வைத்துக்கொண்டேன்.

தேதியைக் கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுது. இடது பக்கம் எழுதுகிறாய்.

ஆனந்தவல்லி


கும்பகோணம்
29.9.1969

அன்புள்ள அக்கா,

தேதி வலது பக்கம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி பழகுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் ரசியாதான் எனக்குக் கண்காணிப்பாளர். வாசல் பக்கம் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நேரம் ஆனதும் பாதி வாக்கியத்தில் தாளை உருவிவிடுகிறார். கெஞ்சினால், "ரூல்னா ரூல்தான் டீச்சர், அக்கா எழுதியிருக்காங்கல்ல" என்கிறார். உங்களைப் பார்த்ததே இல்லை, ஆனால் உங்களிடம் அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. போன வாரம் முதல் தடவையாகத் தாள் நிரம்பியது. ஓரத்து வரி எழுதும்போதுதான் தெரிகிறது, பாதிக் கேள்விகளை நான் இத்தனை வருஷம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மதகும் நாற்றும் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று நாலு தடவை படித்தேன். அப்போது நான் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன் அக்கா. நீங்கள் அழுததே எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். அடிவயிற்றில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறதாம். இங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார். சேர்க்கும்போது நெருங்கிய உறவு யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு உங்களை விட்டால் யார்? நீங்கள் வருவீர்களா என்று ரசியாவைக் கேட்டேன். "எங்கிட்டக் கேட்டா? அவங்களக் கேளுங்க" என்றார். நியாயம்தான். அதனால் கேட்கிறேன். வருவீர்களா?

அமிர்தம்


நல்லமங்கலம்
8.10.1969

அமிர்தத்துக்கு,

தாள் நிரம்பினால் மட்டும் போதாது. நிரப்பியதைத் திரும்பப் படிக்கக் கால் மணி ஒதுக்கு. படிக்கும்போது உன் தாளாக நினைக்காமல் உனக்குப் பிடிக்காத யாரோ எழுதியதாக நினைத்துப் படி. தப்பு தானாகத் தெரியும். தேர்வன்று காலையில் எதையும் புதிதாகப் படிக்காதே. வெளியே வந்தபின் யாரோடும் விடையைப் பற்றிப் பேசாதே.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். கட்டி எவ்வளவு பெரிது, எத்தனை நாளாக, டாக்டர் சொன்ன வார்த்தை என்ன, ஒன்றும் எழுதவில்லை. விவரம் இல்லாத கேள்விக்கு எப்படி விடை எழுதுவது? ஆபரேஷனைத் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மாவைக் கேள். வைத்துக்கொள்ளலாம் என்றால் தேர்வு முதலில். இரண்டையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டிலும் தோற்காதே. இப்போதைக்கு அதற்கு ஒரு வட்டம் போட்டு வை.

பஞ்சநதம் கும்பகோணம் கடைத்தெருவுக்கு வருகிறான். அவனிடம் பச்சரிசியும் நம் கொல்லை நாரத்தங்காயும் கொடுத்தனுப்புகிறேன். காரியஸ்தனாயிற்றே என்று நம்பாதே, பாதியை வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவான். எண்ணி வாங்கு.

ஆனந்தவல்லி


கும்பகோணம்
14.11.1969

அன்புள்ள அக்கா,

நாரத்தங்காய் எண்ணி வாங்கினேன். பஞ்சநதத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. நாலைந்தை நானே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன், கோபிக்காதீர்கள்.

தீபாவளிக்கு மழை விடவேயில்லை. காவிரி படித்துறையில் கடைசிப் படி வரைக்கும் தண்ணீர். மேலக்காவேரியில் இருக்கும் தன் சின்னம்மா வீட்டுக்கு ரசியா என்னை அழைத்துக்கொண்டு போனார். சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்ச நாளாக இப்படித்தான் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். தேர்வு வரைக்கும் பொறுக்கலாமா என்றதும் வயிற்றை மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு, "பரீட்சை முடிஞ்ச மறுநாளே வந்துடணும், அதுக்கு மேல ஒரு நாள் கூடாது" என்றார். சரி என்று வந்துவிட்டேன். நீங்கள் கேட்ட விவரத்தையும் எழுதிவிடுகிறேன். எலுமிச்சம்பழம் அளவுதான் என்று சொன்னார்கள். முன்பு சொன்னது அது. இப்போது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

உங்கள் பக்கத்துச் செய்திகள் பேப்பரில் வருகின்றன. அரசாங்கம் கூலிச் சட்டம் போட்டும் மிராசுதார்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சங்கத்தார் அறுக்கமாட்டோம் என்கிறார்கள், ஊருக்கு ஊர் போலீஸ் லாரி நிற்கிறது என்று படித்தேன். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். ஜாக்கிரதை.

தேதி வேண்டாம் அக்கா. வருகிறேன் என்று மட்டும் ஒரு வார்த்தை எழுதுங்கள். எப்போது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வார்த்தையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படித்துவிடுவேன்.

அமிர்தம்


நல்லமங்கலம்
30.11.1969

அமிர்தத்துக்கு,

பேப்பரில் வருவது பாதி. இங்கே நிலைமை அதைவிட மோசம். மிராசுதார்கள் என் வீட்டுக் கூடத்தில்தான் கூடுகிறார்கள். அத்தான் இருந்த காலத்துப் பழக்கம், நான் நிறுத்தவில்லை. ராமநாதபுரத்திலிருந்து ஆள் இறக்கி அறுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இங்கே உள்ளவர்கள் வயலை மறிப்போம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் கையில் அரிவாள் இருக்கிற மாதம் இது. கதிர் வந்துவிட்டது. தை பிறந்ததும் அறுக்காவிட்டால் நெல் உதிர்ந்துவிடும்.

உனக்குச் சொன்னதையே நானும் செய்து பார்க்கிறேன். கேட்டிருப்பது எது என்று யாருக்கும் தெரியவில்லை என்று தோன்றுகிறது. கூடத்தில் எல்லாரும் கூலி எவ்வளவு என்றே கத்துகிறார்கள். எதிர்ப்பக்கம் கேட்பது அதுதானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேதியில்லாமல் வருகிறேன் என்று எழுதும் பழக்கம் எனக்கில்லை. அப்படி எழுதினால் அது ஆறுதல், பதிலல்ல. இந்த நிலையில் நான் வீட்டை விட்டு நகர்ந்தால் அன்றே ஆட்களை இறக்கிவிடுவார்கள். ரத்தம் சிந்தினால் அது என் வயலில்தான் சிந்தும். ஆகவே யோசித்துச் சொல்கிறேன். அறுப்பு முடிந்ததும் வருகிறேன். தேர்வு முடிந்து சில வாரம்தான் கூடுதல். டாக்டரம்மாவிடம் அப்படிச் சொல்.

சாப்பிடு. கஞ்சியாவது குடி. வெறும் வயிற்றோடு எழுதப் போகாதே.

ஆனந்தவல்லி


கும்பகோணம்
22.12.1969

அன்புள்ள அக்கா,

எழுதிவிட்டேன். ஹாலில் என் பக்கத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். ஆறாவது தடவையாம். உட்கார்ந்ததும் புத்தகத்தில் அங்கங்கே பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தார், அடையாளத்துக்கு. நான் புத்தகத்தைக் காலடியில் போட்டதைப் பார்த்து, "என்ன மேடம், எழுதாமலே போயிடலாம்னு வந்தீங்களா?" என்றார். ஓரத்து வரி எழுதினேன். தெரிந்ததை எழுதினேன். ஒரே தடவை புத்தகத்தைத் திறந்தேன். ஒன்றுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தேன். முன்பணம் பற்றியது, நல்ல மார்க். அதற்குத் திரும்பி வந்து ஓரத்து வரியும் எழுதிவிட்டேன், தெளிவாக இருந்தது, விடை தெரிந்துவிட்டது. அதை எழுதப் பேனாவை வைப்பதற்குள் மணி அடித்து, தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் தேறிவிடுவேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்து யாரோடும் பேசவில்லை. படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் உடனே சேரச் சொல்வார், யார் வருகிறார்கள் என்று கேட்பார். அறுப்பு முடியட்டும் என்றிருக்கிறேன். "நான் வந்து கையெழுத்துப் போட்டா என்ன, கையில எழுதியா இருக்கு யார் அக்கா யார் தங்கச்சின்னு" என்கிறார் ரசியா. வேண்டாம் என்றேன். அக்கா வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

அமிர்தம்


நல்லமங்கலம்
26.1.1970

அமிர்தத்துக்கு,

அறுப்பு நடக்கிறது. எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

பொங்கலுக்கு முன்னால் பஞ்சநதத்தை அனுப்பிச் சங்கத்து ஐயாவுவை வரவழைத்தேன். நம் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவன், உனக்குத் தெரியும். நாற்காலி போடச் சொன்னேன். உட்காரவில்லை. "கூலியை விடு. வேறு என்னதான் கேட்கிறீர்கள், முதலிலிருந்து சொல்" என்றேன். நின்றுகொண்டே சொன்னான்.

"சட்டத்துல போட்ட கூலியக் குடுத்தாப் போதும்மா. ஆனா களத்துலயே அளந்து குடுத்துடுங்க. ராவுல நெல்ல வீட்டுக்கு ஏத்திட்டு, எங்க பொம்பளைங்க காலையில உங்க கொல்லையில கூடையோட வந்து நிக்கிறது... நீங்க எந்திரிச்சு வந்து அளக்குற வரைக்கும் நிக்கணும். அது வேணாம்மா."

அவ்வளவுதான். இதற்காகவா போலீஸ் லாரி என்று எனக்கே தோன்றியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ இதே கூடத்தில், மிராசுதார்கள் எதிரில் நின்று, களத்திலேயே அளந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாய். இதே வார்த்தை. நீ கேட்டது சரி. ஆண்கள் நடுவில் என்னை எதிர்த்துக் கேட்டது சரியென்று இப்போதும் சொல்லமாட்டேன்.

ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மிராசுதார்கள், உறவுக்காரர்கள் யாரும் இந்தப் படியேறுவதில்லை. கூடம் வெறிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் களத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன், நான் பார்க்க அளக்கிறார்கள். நான் ஒரு நாள் எழுந்து போனால் மிராசுதார்களின் ஆட்கள் வந்து கலைத்துவிடுவார்கள், அதனால் நகர முடியவில்லை. உன் வார்த்தையைக் காப்பாற்றத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசிக் களம் முடிந்துவிடும். மறுநாள் திங்கள் காலை பஸ்ஸில் வந்து உன்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன். இப்போது தேதி சொல்லிவிட்டேன். அதுவரை யாரையும் கையெழுத்துப் போட விடாதே. அந்த அம்மாள் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் அது உறவு போட வேண்டிய கையெழுத்து.

ஆனந்தவல்லி


நல்லமங்கலம்
11.2.1970

அமிர்தத்துக்கு,

சொன்ன தேதியில் வந்தேன். உன் வீடு பூட்டியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அப்படியே பஸ் ஏறினேன். கையில் தூக்குச்சட்டியில் ரசம் சாதம் இருந்தது, புதுப் புடவை ஒன்று இருந்தது. வார்டு வாசலில் ஆயா நிறுத்திவிட்டாள். ஒரு நோயாளிக்கு ஒருவருக்குத்தான் சீட்டாம்.

"அவங்க அக்கா உள்ள இருக்காங்கம்மா. ராவும் பகலும் அவங்கதான் கூட இருக்காங்க. நீங்க யாரு?"

அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கதவிடுக்கில் உன் கட்டிலின் கால் தெரிந்தது. முக்காடு போட்ட ஒருவர் குனிந்து உன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் இடத்தில் ஆள் இருக்கும்போது சண்டை போட்டு நுழைய நான் கற்கவில்லை. சாப்பாட்டை ஆயாவிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

காத்திரு என்று எழுதியிருந்தேன். தேதி சொல்லியிருந்தேன். ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். என் கூடப் பிறந்தவள் தன் வாயால் இன்னொருவரை அக்கா என்று சொல்லி உள்ளே அழைத்திருக்கிறாள். விளக்கம் எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது.

ஆனந்தவல்லி


கும்பகோணம்
16.3.1970

அன்புள்ள அக்கா,

பேனா பிடிக்க இத்தனை நாள் ஆயிற்று. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வாயால் நான் யாரையும் அக்கா என்று சொல்லவில்லை. வகுப்பில் கரும்பலகைப் பக்கத்தில் விழுந்துவிட்டேன். எனக்கு நினைவு வந்தபோது தஞ்சாவூரில் இருந்தேன். உறவு யார் என்று கேட்டதற்கு ரசியா தயங்காமல், அக்கா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் ஜனவரிக் கடிதம் என் பையில்தான் இருந்ததாம். காத்திரு என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் போட்டாராம். தந்தி கொடுக்காதது ஏன் என்று கேட்டேன். "களத்த விட்டு வரமுடியாதுன்னு எழுதியிருக்காங்க, அவங்களையும் ஏன் ரெண்டு பக்கமும் இழுத்துப்போடணும்னு நெனச்சேன்" என்றார். அவரைக் கோபிக்காதீர்கள்.

திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள் அக்கா. எடுக்க முடியவில்லை. பரவிவிட்டதாம். செப்டம்பரில் வந்திருந்தால் என்று தஞ்சாவூர் டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தள்ளியது நீங்கள் மட்டுமில்லை. சின்னக் கட்டி என்று எழுதியது நான். எனக்கு வேண்டியிருந்தது ஆபரேஷன் இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்தச் சாக்கில் நீங்கள் வருவீர்கள் என்றிருந்தேன். தேர்வையும் அப்படித்தான் ஒரு சாக்காக வைத்து முதல் கடிதத்தை ஆரம்பித்தேன்.

களத்தில் அளந்தீர்கள் என்று படித்தபோது சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலியை விட்டு ஒரு நாள் நீங்கள் எழுந்து வந்திருக்கலாம். என் வார்த்தை ஒரு நாள் கெட்டுப்போயிருந்தால் என்ன?

தேர்வில் தேறிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. எல்லாரும் லீவு போடச் சொல்கிறார்கள், நான் போடவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் போய் உட்காருகிறேன். ரசியா குதிரைவண்டியில் கூட வருகிறார். வருஷப் பரீட்சை முடியும்வரை இப்படியே போகவேண்டும் என்று ஆசை.

நீங்கள் வருகிறேன் என்று எழுதுவீர்கள். இப்போது வேண்டாம் அக்கா. வந்தால் தலையணையைச் சரி செய்வீர்கள், மருந்து நேரத்தை மாற்றுவீர்கள், நான் செய்ததில் எது தப்பு என்று சொல்வீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கேட்டுக்கொள்ளத்தான் எனக்குத் தெம்பில்லை. உங்கள் மேல் வருத்தமில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. அது அடங்கட்டும், நானே கூப்பிடுகிறேன்.

அமிர்தம்


கும்பகோணம்
27.3.1970

அன்புள்ள அமிர்தம்,

ஊரின் பெயரைப் பார். நான் இங்கேதான் இருக்கிறேன். உன் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், பாத்திரக்கடைக்காரர் வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். நீ கூப்பிடாமல் வரமாட்டேன், பயப்படாதே. நல்லமங்கலத்தில் இருந்தால் நீ கூப்பிட்டது எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆகும், அதனால்தான். சாவி பஞ்சநதத்திடம் இருக்கிறது. கோடை உழவை ஐயாவு பார்த்துக்கொள்கிறான். நான் அங்கே இல்லாமலே எல்லாம் நடக்கிறது.

நேற்றுக் காலை நீ வண்டியிலிருந்து இறங்கினாய். ரசியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கேட்டருகே நின்று மூச்சு வாங்கிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாய். பாதி ஆளாகிவிட்டாய். நான் எதிர்க்கடை ஓரம் நின்றேன். நீ பார்த்துவிடக் கூடாது என்று கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேண்டாத பித்தளைச் சொம்பு ஒன்றை விலை கேட்டேன்.

நீ உள்ளே போனபின் ரசியாவைத் தெருவில் நிறுத்தினேன். யாரென்று சொல்வதற்கு முன்னாலே தெரிந்துகொண்டார். "உங்களுக்கும் டீச்சர் மாதிரியே நெத்தி" என்றார். நான் அவரைக் கேட்டேன், என் தங்கைக்கு அக்காவாக இருக்க என்னென்ன தெரிய வேண்டும் என்று. சொன்னார். எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது, கஞ்சியில் உப்பு போடக் கூடாது, வலி வரும்போது யாரும் பேசக் கூடாது, உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இதில் ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் மருந்தைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தேன். அவர் தடுத்துவிட்டார்.

"யோசனை ஏதும் சொல்லாதீங்கம்மா. பக்கத்துல சும்மா உக்காந்திருங்க. அதுக்குத்தான் அவங்க இத்தன மாசமா காத்திருந்தாங்க."

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது, அமிர்தம். இந்த அறையில் பழகிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட மணி இங்கே நன்றாகக் கேட்கிறது. நீ வீட்டுக்குப் போகும் நேரம் வரை ஜன்னலில் இருக்கிறேன், சாயங்காலம் விளக்கு வைக்கிறேன்.

உன் வருத்தத்தை அவசரமாக அடக்க வேண்டாம். இருக்கும்வரை இருக்கட்டும். கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் எழுதிக் கையைச் சிரமப்படுத்திக்கொள்ளாதே, ரசியாவிடம் வாயால் சொல்லி அனுப்பு. தோன்றாவிட்டாலும் தவறில்லை. நான் இங்கேயே இருப்பேன்.

உன் அக்கா,
ஆனந்தவல்லி